ரூட்டுக்கும் மேலே ஒரு பதிவாளர்

ஒரு கல்லூரியில் சிவசைலம் என்றொரு பதிவாளர் இருந்தார். அவர் உட்கார்ந்தால் மற்றவர்கள் நிற்க வேண்டும். அங்கே எல்லாக் கணினிகளுக்கும் தாயான சர்வர் மெஷினைப் பார்த்துக்கொண்டவள் பிலோமினா. குளிரூட்டிய அறைக்குள் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு நாளெல்லாம் தனியாக இருப்பாள்.

ஒருநாள் பதிவாளர் வந்தார்.

"எனக்கு ஒரு கணக்கு உண்டாக்கும்மா. சர்வர்ல எனக்கு மேல யாரும் இருக்கக் கூடாது."

"எல்லாத்துக்கும் மேல ரூட்னு ஒரு கணக்கு இருக்கு சார். அது இல்லாட்டி மெஷினே ஓடாது."

"அப்ப என்னை அதுக்கும் மேல வை. முடியலைன்னா நாளைக்கு வேலைக்கு வராதே."

மறுத்தால் இவள் சோறு போகும். அந்த அதிகாரத்தைக் கொடுத்தாலோ பிள்ளைகளின் மதிப்பெண்ணை அவர் இஷ்டத்துக்கு மாற்றலாம். பிலோமினா கறுப்புத் திரையில் இரண்டு கட்டளைகளைத் தட்டினாள்.

"முடிஞ்சுது சார். இனிமே ரூட்டே உங்ககிட்டதான் ரிப்போர்ட் பண்ணும்."

பதிவாளர் ஊரெல்லாம் பீற்றிக்கொண்டார். அன்றுமுதல் டிஸ்க் நிரம்புகிறது, பேக்கப் நின்றுவிட்டது என்று மெஷின் தானாகவே ரூட்டுக்கு அனுப்பும் புகாரெல்லாம் அவர் போனுக்குப் போனது. ஒவ்வொன்றுக்கும் அவளைக் கூப்பிட்டு அர்த்தம் கேட்டார். அந்த அறையில் போன் அவ்வளவு அடித்ததே இல்லை. கடைசியில் நிர்வாகக் கூட்டத்தின் நடுவே அவர் போன் விடாமல் அலற, "எல்லாம் உமக்குக் கீழதானே? என்னன்னு சொல்லும்" என்றார் தாளாளர். பதிவாளர் போனைப் பொத்திக்கொண்டு எழுந்தார்.

நேராகச் சர்வர் அறைக்கு ஓடிவந்தார். "தாயே, என்னைச் சாதாரணக் கணக்கா மாத்திடு!"

"முதல்லேர்ந்தே சாதாரணக் கணக்குதான் சார். ரூட்டுக்கு வர்ற புகாரை மட்டும் உங்களுக்குத் திருப்பிவிட்டேன்."

இவளை வேலையை விட்டு அனுப்பினால் புகார்கள் தன் தலையிலேயே நிற்கும் என்று அவருக்கு உறைத்தது. கோபத்தை விழுங்கிக்கொண்டார்.

"இதையெல்லாம் முன்னாடி யார் படிச்சா?"

"நான்தான் சார். வேற யார் இருக்கா?"

புகார்களைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, "ஒரு டீ குடிச்சிட்டுப் போங்களேன் சார்" என்று அவள் நிமிர்ந்தபோது, அவர் போய்விட்டிருந்தார்; கதவு சாத்தியிருந்தது.