கதவுக்கு வெளியே நின்றவர்

மலையடிவாரத்தில், ஆறு வளைந்து திரும்புகிற இடத்தில் ஓர் ஆசிரமம் இருந்தது. ஊர்க்காரர்கள் அதைச் சாமியார் மடம் என்பார்கள். சாமியார் யாரும் அங்கே இல்லை. உலகம்மை என்கிற ஐம்பத்தைந்து வயது அம்மாள் இருந்தார். அவரை நம்பி, நடமாட்டம் குறைந்துபோன முதியவர்கள் இருபத்திரண்டு பேர் இருந்தார்கள்.

குற்றாலிங்கம் அங்கே வந்தது நிம்மதியைத் தேடி. வயது அறுபத்து மூன்று. அரசு மருத்துவமனையில் பிசியோதெரபி பிரிவில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவர். மனைவி இறந்த பிறகு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. கதவைப் பூட்டிச் சாவியைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு வந்துவிட்டார்.

"எனக்கு ஏதாவது உபதேசம் பண்ணுங்கம்மா" என்று கேட்டார்.

உலகம்மை அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"இவங்களை எழுந்து நடக்க வைங்க" என்றார்.

உபதேசம் அவ்வளவுதான். அதன் பிறகு இரண்டு வருடம் ஓடிவிட்டது. அவரும் கேட்கவில்லை, அம்மாளும் வேறொன்றும் சொல்லவில்லை.

தினமும் காலை ஏழு மணிக்குக் கூடத்தில் நாற்காலிகளை வரிசையாகப் போடுவார். உட்கார்ந்து எழுந்திருப்பது பத்து தடவை. சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்துவது பத்து தடவை. பிறகு முற்றத்தைச் சுற்றி நடை. சொல்ல எளிது. எண்பத்து நான்கு வயது மாசானமுத்துவை நாற்காலியிலிருந்து ஒரு தடவை எழுப்புவதற்குள் இவருக்கு இடுப்பு விட்டுப்போகும். ஒருத்தருக்கு மூட்டு வலி, ஒருத்தருக்குத் தலைசுற்றல், ஒருத்தருக்குக் கோபம். "ஒண்ணு... ரெண்டு..." என்று எண்ணி எண்ணித் தொண்டை கட்டிப்போயிருந்தது.

அலுப்பு உடம்பில் இருந்திருந்தால் தூங்கி எழுந்தால் போயிருக்கும். அது வேறு எங்கோ இருந்தது.

மாசி மாதம் ஒரு காலை. எழுபத்தொன்பது வயது சங்கரவடிவு முற்றத்தில் நடந்துகொண்டிருந்தாள். நடக்க ஆரம்பித்த நாளிலிருந்து ஒரு நாள் தவறாதவள். மூன்றாவது சுற்றில் நின்றுவிட்டாள். மூச்சு இழுத்தது. குற்றாலிங்கம் குனிந்து அவள் வீங்கிய கணுக்காலை விரலால் அமுக்கிப் பார்த்தார். குழி விழுந்தது, நிரம்பவில்லை.

ஆம்புலன்ஸ் வந்தது. இருதயம் பலவீனப்பட்டு நுரையீரலில் நீர் சேர்ந்திருக்கிறது என்றார்கள். வார்டில் சேர்த்துவிட்டார்கள்.

மதியம் அவள் மகன் தொலைபேசியில் கூப்பிட்டான்.

"எண்பது வயசுக் கிழவியை எதுக்கு சார் நடக்க விடுறீங்க? சும்மா படுத்துக் கிடந்தா இப்படி ஆகியிருக்குமா?"

"நடந்ததாலதான் முன்னாடியே தெரிஞ்சுது..."

"அதெல்லாம் என்கிட்ட சொல்லாதீங்க."

லைன் கட்டாகிவிட்டது.

சாயங்காலம் குற்றாலிங்கம் உலகம்மையைத் தேடிப் போனார். அம்மாள் சமையலறை வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"இந்த வேலையிலிருந்து என்னை விட்டுருங்கம்மா."

"ஏன்?"

"நான் வாரதுக்கு முந்தின வருசம், இங்க இருந்து பன்னிரண்டு பேர் ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. இந்த வருசம், சங்கரவடிவு ஆச்சியோட சேர்த்துப் பதின்மூணு."

"சரி."

"ரெண்டு வருசம் உயிரைக் கொடுத்திருக்கேன். ஒண்ணு கூடத்தான் செஞ்சிருக்கு. குறையலை."

"குறையும்னு நான் சொன்னேனா?"

குற்றாலிங்கத்துக்குக் கோபம் வந்தது. அம்மாளிடம் அவர் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை.

"பின்னே எதுக்கு நடக்கணும்? நடந்தாலும் ஆஸ்பத்திரி, நடக்காட்டியும் ஆஸ்பத்திரின்னா, அந்தக் கிழடுகளை ஏன் வதைக்கணும்? என்னை ஏன் வதைக்கிறீங்க?"

உலகம்மை ஒரு தண்டை ஒடித்துத் தனியே போட்டார்.

"சங்கரவடிவு கூட இருக்க ஆள் இல்ல" என்றார். "மகன் வர நாலு நாள் ஆகுமாம். நீங்க போய் இருங்க."

"நான் கேட்டதுக்கு..."

"போயிட்டு வாங்க."

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் போனார். முப்பத்தொரு வருடம் மருத்துவமனையிலேயே கிடந்தவர்தான்; ஆனால் கட்டிலுக்கு அருகே ஸ்டூலில் உட்கார்ந்து பழக்கமில்லை. அவர் எப்போதும் வருவார், கால்களைப் பிடிப்பார், அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார்.

சங்கரவடிவு கண்ணை மூடிக் கிடந்தாள். மூக்கில் ஆக்சிஜன் குழாய். கையில் ஊசி. முகம் வற்றிப்போயிருந்தது. முதல் நாள் அவள் ஒன்றும் பேசவில்லை. நீர் பிரியக் குழாய் போட்டிருந்தார்கள்.

பக்கத்துக் கட்டிலில் இன்னொருத்தி. அவளுக்கும் ஏறக்குறைய இதே வயது, இதே நோய். மருமகள் கூட இருந்தாள். கிழவி மணிக்கொரு தரம், "ஏளா... ஏளா..." என்று மெல்லக் கூப்பிடுவாள். மருமகள், படுத்தபடியே நீர் கழிக்கப் பெட்பேனை எடுத்து வருவாள். நல்ல பெண்தான், முகம் சுளிக்கவில்லை. ஒரு கையால் சேலையை விரித்து மறைத்துக்கொண்டு மறுகையால் வேலையைச் செய்வாள். அந்த நேரத்தில் கிழவி சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

குற்றாலிங்கம் அதைப் பார்த்தார். பிறகு பார்க்காமல் இருக்க ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

மூன்றாம் நாள் மூச்சு சீரானது. டாக்டர் வந்து, குழாய்களை எடுக்கச் சொன்னார். "மெதுவா எழுந்து நடக்கலாம்" என்றார்.

டாக்டர் நகர்ந்ததும் சங்கரவடிவு கண்ணைத் திறந்தாள்.

"கக்கூஸ் எங்க இருக்கு?"

"வார்டுக் கடைசியில. இருங்க, நான் பெட்பேன் கேட்டு..."

"அதெல்லாம் வேண்டாம்."

அவள் எழுந்தாள். முதலில் பக்கவாட்டில் ஒருக்களித்தாள். முழங்கையை ஊன்றி உட்கார்ந்தாள். காலைத் தரையில் பதித்தாள். கொஞ்ச நேரம் அப்படியே இருந்து, தலை சுற்றுகிறதா என்று பார்த்தாள். பிறகு கட்டில் கம்பியைப் பிடித்து நிமிர்ந்து நின்றாள். அத்தனையும் அவர் சொல்லிக் கொடுத்தது. கூடத்தில் சொல்லும்போது அவள் காதில் வாங்குகிறாளா என்றே அவருக்குச் சந்தேகமாக இருக்கும்.

அவர் கையை நீட்டினார். பிடித்துக்கொண்டாள். கட்டில் கட்டிலாகக் கடந்து போனார்கள். இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினாள். இந்த வார்டு இவ்வளவு நீளம் என்று குற்றாலிங்கத்துக்கு அதுவரை தெரியாது.

கழிப்பறை வாசலில் அவள் கையை விடுவித்துக்கொண்டாள்.

"நீங்க வெளிய நில்லுங்க."

"விழுந்துட்டீங்கன்னா?"

"விழுந்தா கூப்பிடுதேன். நில்லுங்க."

கதவு மூடியது. உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

குற்றாலிங்கம் அந்தக் கதவுக்கு வெளியே நின்றார். பச்சை பெயிண்ட் உரிந்த தகரக் கதவு. உள்ளே குழாயைத் திறக்கும் சத்தம். வாளியில் தண்ணீர் விழும் சத்தம். சுவரில் சாய்ந்துகொண்டார். துடைக்கத் துடைக்கக் கண்ணில் நீர் வந்துகொண்டே இருந்தது.

கதவு திறந்தது. சங்கரவடிவு முகம் கழுவியிருந்தாள். முந்தானையால் துடைத்துக்கொண்டே அவரைப் பார்த்தாள்.

"என்னய்யா, நீங்க ஏன் இப்படி நிக்கியோ?"

"ஒண்ணுமில்ல ஆச்சி."

"நான் திரும்ப நடந்துருவேன். மெல்லப் போவோம்."

ஐந்தாம் நாள் மகன் வந்து சேர்ந்தான். குற்றாலிங்கம் ஆசிரமத்துக்குத் திரும்பினார். காலை ஏழரை மணி. கூடத்தில் நாற்காலிகள் போடப்பட்டிருந்தன. உலகம்மை நடுவில் நின்று எண்ணிக்கொண்டிருந்தார். ஏழு சொன்ன பிறகு மறுபடி ஆறு சொன்னார். மாசானமுத்து, "நீங்க எண்ணுறது எங்களுக்குக் கட்டுப்படியாகாதும்மா" என்று முனகிக்கொண்டே உட்கார்ந்தார்.

எல்லாரும் கலைந்த பிறகு குற்றாலிங்கம் காலி நாற்காலி ஒன்றில் அமர்ந்தார். உலகம்மை எதிரே அமர்ந்தார்.

"ஆச்சி எப்படி இருக்காங்க?"

"திங்கக்கிழமை அனுப்பிருவாங்க. ஆனா இது திரும்ப வரும்னு டாக்டர் சொல்லுதாரு. ரெண்டு மாசமோ, மூணு மாசமோ."

"வரும்."

பிறகு குற்றாலிங்கம் தரையைப் பார்த்தபடி பேச ஆரம்பித்தார். யாரிடமும் சொல்லாதது.

"என் வீட்டுக்காரி ஆவுடை. இடுப்பெலும்பு ஒடிஞ்சு ஆபரேஷன் ஆச்சு. ஆபரேஷன் நல்லாத்தான் ஆச்சு. தினம் எழுப்பி நடக்க வைக்கணும், வேற ஒண்ணுமில்ல. அது என் தொழில். பகல் பூரா ஆஸ்பத்திரியில நாப்பது பேரை நடக்க வச்சுட்டு வீட்டுக்கு வருவேன். இவளை எழுப்ப என்கிட்ட தெம்பு இருக்காது. நாளைக்குப் பாத்துக்கலாம்னு சொல்லுவேன். அவளும் சரிம்பா."

"ம்."

"எட்டு மாசம் நாளைக்குன்னே சொன்னேன். ஒவ்வொரு தடவையும் கூப்பிடுவா. நான் பெட்பேனை எடுத்துட்டுப் போவேன். அவ சுவத்தைப் பாத்துத் திரும்பிக்கிடுவா. கடைசியில நெஞ்சில சளி கட்டிப் போயிட்டா."

ஆற்றுப் பக்கமிருந்து துணி துவைக்கும் சத்தம் வந்துகொண்டிருந்தது.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்கம்மா. நான் அவளை நடக்க வச்சிருந்தா, பிழைச்சிருப்பாளா?"

"தெரியாது" என்றார் உலகம்மை. "அப்பவும் போயிருக்கலாம்."

குற்றாலிங்கம் நிமிர்ந்து பார்த்தார்.

"ஆனா அந்த எட்டு மாசமும் அவங்க பெட்பேனுக்கு உங்களைக் கூப்பிட்டிருக்க மாட்டாங்க."

வெயில் கூடத்துக்குள் ஏறி வரும்வரை குற்றாலிங்கம் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார்.