காயாத சிம்மாசனம்

செண்பகமாற ராஜாவுக்கு எதிலும் அரை ஆசை கிடையாது. போன வருஷம் கிளிகள் மேல் ஆசை வந்தது. அரண்மனை முழுக்க எச்சம். இந்த வருஷம் எழுத்துகள் மேல் வந்தது.

சித்திரக்காரர் பரிமளரங்கர் கோட்டை வாசலுக்கு ஒரு பெயர்ப்பலகை எழுதினார். ஒவ்வொரு கோடும் வாழைத்தண்டுப் பருமன். கோடு முடிகிற இடத்தில், குத்துவிளக்குக்கு இருப்பதுபோல ஒரு பாதம். பாதத்தைச் சுற்றிக் கொடி, கொடியில் பூ. பார்த்த ராஜா சொக்கிப்போனார்.

"இனி ஓலையோ, பலகையோ, அறிவிப்போ, எல்லாம் இந்த எழுத்தில்தான்!" என்று ஆணையிட்டார்.

அரண்மனை ஓலைகளை எழுதுபவர் கொழுந்தப்பர். எழுத்தாணியால் ஓலையில் மெல்லக் கீறத்தான் முடியும். பருமன் காட்ட நாலு தடவை கீறினால் ஓலை கிழிந்துவிடும். பாவம், முப்பது ஓலைகளைக் கிழித்தார்.

"நாளை மறுநாளுக்குள் ஒரு ஓலையாவது உருப்படியாக வரவில்லையென்றால் வேறு வேலை தேடிக்கொள்ளும்" என்றார் ராஜா. இருபது வருஷம் எழுதிய மனிதரிடம் இப்படியா பேசுவது!

கொழுந்தப்பர் சபை விகடரான பஞ்சநதத்திடம் ஓடிப்போய் அழுதார்.

பஞ்சநதம் கேட்டார்: "சிம்மாசனத்துக்கு வர்ணம் பூசி எத்தனை நாளாச்சு?"

"என் பிழைப்பே போகுது! நீங்க நாற்காலியைப் பத்திக் கேக்குறீங்களே!"

"உம்ம பிழைப்பு அந்த நாற்காலியிலேதான் ஐயா இருக்கு. போய்ச் சாப்பிடும்."

கெடு நாள் காலை ராஜா சபைக்கு வந்தார். சிம்மாசனத்துக்கு முன்னால் ஆள் உயரப் பலகை. பரிமளரங்கரே எழுதியது. ராஜா அப்படியே நின்றுவிட்டார்.

"அடடா! அந்தச் சுழியைப் பாரும் மந்திரி!"

"சுழிக்குள் ஒரு அன்னம் உட்கார்ந்திருக்கிறது, மகாராஜா!"

"அன்னத்தின் வாயில் தாமரை வேறு!"

வெகுநேரம் ரசித்துவிட்டு, மனநிறைவோடு போய்ச் சிம்மாசனத்தில் அமர்ந்தார். அமர்ந்தவர் முகம் மாறியது. எழுந்தார். வெள்ளைப் பட்டின் பின்பக்கம் முழுக்கச் சிவப்பு!

"எவன் வர்ணம் பூசினான்? ஏன் எனக்கு ஒருவரும் சொல்லவில்லை?"

பஞ்சநதம் கைகட்டி நின்றார். "பூசச் சொன்னது அடியேன். தங்கள் ஆணைப்படி அலங்கார எழுத்தில் அறிவிப்பும் வைத்தேன். தாங்கள் இவ்வளவு நேரம் பார்த்தது அதைத்தான்."

ராஜா பலகையை இப்போதுதான் படித்தார். 'வர்ணம் காயவில்லை. உட்கார வேண்டாம்.'

"மந்திரி, நீர் படிக்கவில்லையா?"

"நான் அன்னத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், மகாராஜா."

ராஜா தன் பின்பக்கத்தைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தூண்கள் அதிரச் சிரித்தார்.

"வாசலில் பெயர் மட்டும் அந்த எழுத்தில் இருக்கட்டும். கொழுந்தப்பரே, நீர் பழையபடி எழுதும். பஞ்சநதத்துக்கு நஞ்சை நிலம் பத்து வேலி! பரிமளரங்கரே, அந்த ஆணையை உம் கையால் எழுதிக் கொடும்."

பஞ்சநதம் பதறிப்போய்க் காலில் விழுந்தார்.

"மகாராஜா, அதைக் கொழுந்தப்பரே எழுதட்டும்! பரிமளரங்கர் எழுதினால், நில அதிகாரி ஆணையைச் சுவரில் மாட்டி ரசித்துக்கொண்டிருப்பார். நிலம் எனக்கு வராது!"