கசின் கல்யாணத்துக்கு லீவு இல்லை

ஒரு கையெழுத்துக்காக ஒருத்தியை நாலு நாள் நிற்க வைப்பதா? பரமேஸ்வரன் வைத்தார். பனியன் கம்பெனி மேனேஜர் அல்லவா!

நின்றவள் துணி மடிக்கும் செங்கமலம். தாயில்லாத அவளை இடுப்பில் தூக்கி வளர்த்த பெரியப்பா மகள் பொன்னரசிக்கு வியாழக்கிழமை கல்யாணம். முடிந்த கையோடு மாப்பிள்ளையுடன் அந்தமானுக்குக் கப்பல் ஏறிவிடுவாள். அப்புறம் எந்தக் காலத்தில் பார்ப்பது?

"அக்கான்னு எழுதியிருக்கே? பெரியப்பா மக உனக்குக் கசின். கூடப்பிறந்தவங்க கல்யாணத்துக்குத்தான் லீவு. கசினுக்கெல்லாம் கிடையாது!" என்று லெட்டரைத் தூக்கி எறிந்தார்.

செங்கமலம் அதைக் குனிந்து எடுத்தாள். கெஞ்சவில்லை.

"கசின்னா யாரெல்லாம் சார்?"

"பெரியப்பா, சித்தப்பா, மாமா, அத்தை, இவங்க பெத்த பிள்ளைங்க எல்லாரும்."

"அத்தை மகளுமா?"

"அவளும்தான். இங்கிலீஷ்ல எல்லாம் ஒண்ணுதான்!"

"அப்ப திங்கக்கிழமை நீங்களும் லீவு போட முடியாதே சார். வீட்டம்மாவுக்கு வளைகாப்புன்னு சொன்னீங்க. அத்தை மகளைத்தான் கட்டினேன்னு நீங்கதானே பெருமையாச் சொன்னது?"

மிஷின்கள் நின்றன. சிரிப்பு கிளம்பியது.

"ஏய், அவ என் பொண்டாட்டி!"

"இவ என் அக்கா, சார்."

பேனாவைத் தேடி எடுத்துக் கையெழுத்துப் போட்டார் மேனேஜர்.

வியாழக்கிழமை மணமேடையில் வாசலையே பார்த்துக்கொண்டிருந்த பொன்னரசி, செங்கமலத்தைக் கண்டதும் இடுப்பில் தூக்க வருகிறவளைப் போல இரண்டு கையையும் நீட்டினாள்.