மூன்று குடமும் நான்கு மங்கையர்க்கரசியும்

கீழ்ப்புலியம்பாடியில் அறிவாளிகளே கிடையாது என்று சொல்கிறவர்கள் அநியாயம் பேசுகிறார்கள். ஒருத்தி இருந்தாள். பேர் மங்கையர்க்கரசி. பட்டம் வாங்கி, பரீட்சை எழுதி, ராணுவ அதிகாரிப் பயிற்சிக் கல்லூரிக்குத் தேர்வாகியிருந்தாள். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குள் சென்னையில் போய் நிற்க வேண்டும். ஒரு நிமிஷம் தப்பினாலும் இடம் வேறொருவருக்கு.

அவளுக்குத் தாய்மாமன்கள் மூன்று பேர்: தணிகாசலம், பூவராகன், மன்னாரு.

"பட்டாளத்துக்குப் போற புள்ளைய மாமன் சீர் இல்லாம அனுப்புவமா? என்ன வேணும், கேளு பாப்பா" என்றார் மூத்தவர் தணிகாசலம்.

"ஓடுறதுக்கு ஒரு நல்ல ஷூ போதும் மாமா."

அதோடு விட்டிருக்கலாம். கல்லூரிக் கடிதத்தையும் படித்துக் காட்டினாள். ‘கொண்டுவரும் ஒவ்வொரு பொருளிலும் பயிற்சியாளரின் பெயர் இருக்க வேண்டும். வேறு எவர் பெயரும் இருக்கக் கூடாது.’

மாமன்கள் ஷூவை வாங்கினார்கள். நேரே பாத்திரக் கடைக்குப் போய்ப் பேர் வெட்டக் கொடுத்தார்கள். மெஷின் ‘டர்ர்’ என்றது. ஷூவில் விழுந்த ஓட்டைக்குள் மன்னாரு விரலை விட்டுப் பார்த்தார்.

"ஷூவுல பேரு நிக்கல. அப்ப அது செல்லாது" என்று தீர்ப்புச் சொன்னார் பூவராகன். "எவர்சில்வர் குடத்துல நிக்கும்."

ஆளுக்கொரு குடம் எடுத்தார்கள். அப்போதுதான் இடி விழுந்தது.

"வேற பேரே கூடாதாமே! ‘தாய்மாமன் மன்னாரு அன்பளிப்பு’ன்னு போட முடியாதா?" மன்னாரு குடத்தைத் தரையில் வைத்துவிட்டார். "நாளைக்கே சண்டை வந்தா, குடம் குடுத்தது யாருன்னு எதிரிக்கு எப்படித் தெரியும்?"

"குடமே வேணாம் மாமா! அங்கே தண்ணிக்குக் குழாய் இருக்கு."

"குழாயில உன் பேரு இருக்கா?"

பல்கலைக்கழகப் பேச்சுப் போட்டிகளில் கோப்பை கோப்பையாக வாங்கியவள் எழுந்து பெட்டி கட்டப் போனாள்.

மூன்று நாள் யோசித்தார்கள். நாலாம் நாள் வக்கீலிடம் போய், சத்தியம் செய்து, முத்திரை குத்தி, மூன்று பேரும் மங்கையர்க்கரசி என்று பேரை மாற்றிக்கொண்டு வந்தார்கள்.

"இப்ப குடத்துல உன் பேருதான் இருக்கு. எங்க பேரும் இருக்கு" என்றார் தணிகாசலம் பெருமையாக.

"இந்தப் பேருக்காக இருபத்தோரு வருஷமா கிண்டல் வாங்கினது நான்! நீங்க பாட்டுக்கு ஒரு கையெழுத்துல தூக்கிட்டு வந்துட்டீங்களே!"

"கோவிச்சுக்காதே மங்கை" என்றார் பூவராகன்.

"எந்த மங்கை?" என்றார் மன்னாரு, மீசையை நீவியபடி.

திங்கட்கிழமை எட்டு ஐம்பதுக்குக் கல்லூரி வாசல். தோளில் குடத்தோடு, வயசு வரிசைப்படி நின்றார்கள்.

"பேரு?" என்றான் காவலாளி.

"மங்கையர்க்கரசி" என்றார் தணிகாசலம்.

காவலாளி மீசையைப் பார்த்தான். முத்திரைத் தாளைப் பார்த்தான். அடுத்தவரைக் கேட்டான். அவரும் மங்கையர்க்கரசி. அதற்கடுத்தவரும். நிஜமான மங்கையர்க்கரசியின் முறை வந்தபோது அவன் நோட்டை மூடிவிட்டான்.

"லிஸ்ட்ல ஒரு மங்கையர்க்கரசிதான். நாலு பேரும் வெளியே நில்லுங்க. பெரிய அதிகாரி வந்து சொல்லட்டும்."

"சார், என் போட்டோவையாவது பாருங்க சார்!"

"அவங்ககிட்டயும் போட்டோ இருக்கும்மா."

எட்டு ஐம்பத்தேழு. எட்டு ஐம்பத்தெட்டு. அவளுக்கு அழுகை முட்டியது. உள்ளேயிருந்து சுபேதார் ஒருவர் தொண்டை கிழியக் கத்தினார்: "மங்கையர்க்கரசி! இன்னும் வரலியா? ஓடு!"

உத்தரவு உத்தரவுதான். எந்தப் பக்கம் என்று அவர் சொல்லவில்லை. மாமன்கள் சாலையைப் பார்த்து நின்றிருந்ததால் சாலையில் ஓடினார்கள். வாசலில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு மங்கையர்க்கரசி. காவலாளி நிம்மதியாகக் கதவைத் திறந்தான். அவள் பழைய செருப்போடு பாய்ந்து போய்க் கையெழுத்துப் போட்டபோது ஒன்பதாக அரை நிமிஷம்.

நிற்கச் சொல்லி அந்தப் பக்கம் உத்தரவு எதுவும் போகவில்லை. புதன்கிழமை சாயங்காலம் மூன்று பேரும் கீழ்ப்புலியம்பாடி வழியாகவே ஓடினார்கள். டீக்கடைக்காரர் பதறிப்போய்த் தெருவுக்கு வந்து கத்தினார்: "யோவ் தணிகாசலம்! நில்லுய்யா!"

தணிகாசலம் ஓடிக்கொண்டே மற்ற இருவரையும் திரும்பிப் பார்த்தார்.

"பாவம், யாரையோ தேடுறாரு" என்றார். ஓடினார்கள்.