தாளாளர் கண்ணயர்ந்த இடம்

பிலோமினா வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் மாதமே கல்லூரி அலுவலகத்தின் மூத்த தட்டச்சர் கனகசபைக்கு வயிறு எரியத் தொடங்கிவிட்டது. அவர் ஏழு மணிவரை தட்டுகிற வேலையை அவள் கம்ப்யூட்டரில் எதையோ இரண்டு அழுத்து அழுத்தி முடித்துவிட்டு, ஐந்து மணிக்குப் பையோடு கிளம்பினால் யாருக்குத்தான் பொறுக்கும்?

ஆண்டு விழா நெருங்கியது. தாளாளர் ராஜமாணிக்கத்தின் உரை நாற்பது பக்கம். பேசக் கிடைத்ததோ பத்து நிமிடம். கனகசபை மெல்ல அவர் காதைக் கடித்தார். “பிலோமினாகிட்ட குடுங்க சார். அவ கம்ப்யூட்டர் எல்லாம் செய்யுமாம்.”

தாளாளர் அவளை அழைத்தார். “ஒவ்வொரு சொல்லும் நான் உயிரைக் குடுத்து எழுதினது. நீ ஒண்ணைக்கூட வெட்டக் கூடாது. ஆனா பத்து நிமிஷத்துல முடியணும். இல்லேன்னா நாளையிலேர்ந்து வேலைக்கு வராதே.”

கனகசபைக்கு உள்ளம் குளிர்ந்தது.

“சரிங்க சார். கம்ப்யூட்டரே வாசிக்கும், உக்காந்து கேளுங்க,” என்று பிலோமினா ஒரு பொத்தானை அழுத்தினாள். அது ஏற்ற இறக்கமே இல்லாமல் வாசித்துக்கொண்டு போனது. நான்காம் பக்கத்தில் தாளாளரின் குறட்டை கேட்டது. அவள் வாசிப்பை நிறுத்தினாள்.

தாளாளர் திடுக்கிட்டு விழித்தார். “முடிஞ்சுதா?”

“பத்தே நிமிஷம் சார். நான் எதையும் வெட்டலை. நீங்க தூங்கின இடத்துல நிறுத்திட்டேன்.”

தாளாளர் முகம் கறுத்தது. “நான் எழுதியிருந்தா தூங்குவேனா? முழுக்க இந்தக் கனகசபை எழுதினதும்மா.”

வழக்கம்போல ஐந்து மணிக்குப் பிலோமினா பையை எடுத்தாள். அந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று கேட்க கனகசபைக்கு வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டு, ஏழு மணிவரை தேடினார்.