வேலி தாண்டிய பந்து

மலைமேல் இருக்கும் புத்த மடத்தில் சேர்ந்த பிறகு மொரிக்காவா உடைத்த துடைப்பங்கள் ஏராளம். மெதுவாகப் பெருக்க அவருக்கு வரவில்லை. இருபது வருடம் ஜப்பானில் பேஸ்பால் ஆடியவர். பந்தை ஓங்கி அடித்து வேலிக்கு வெளியே அனுப்புவதே அவருடைய பிழைப்பு. அதை ஹோம் ரன் என்பார்கள். நம்மூர் சிக்ஸருக்கு அண்ணன் முறை.

குரு ரின்ஷோ அவரைவிட இளையவர். சேர்ந்த அன்றே சொல்லிவிட்டார்:

"நான் உங்கள் எதிரணி ரசிகன். தெரிந்துகொண்டு வணங்குங்கள்."

ஒரு நாள் காலை ஒரு பெண்மணி மலைப்படி ஏறி வந்து வாசலில் உட்கார்ந்தார். அவரைக் கண்டதும் மொரிக்காவா சமையற்கட்டுக்குள் புகுந்துகொண்டார். அந்தப் பெண்மணியின் மகள் மைதானத்தில் பியர் விற்றவள். மொரிக்காவா கடைசியாக அடித்த பந்து பார்வையாளர் வரிசையில் நின்ற அவளுடைய பின்மண்டையில் விழுந்தது. அவள் பிழைக்கவில்லை. அதன்பிறகு அவர் மட்டையைத் தொடவில்லை. சமையற்கட்டில் குரு தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"குருவே, விதிப்படி நான் செய்தது தவறா?"

"இல்லை. சரியான ஹோம் ரன். எனக்கே வயிறு எரிந்தது."

"போலீசும் தவறில்லை என்றுதான் சொன்னது."

"சரி."

"பிறகு எதற்கு வந்திருக்கிறார்?"

"தேநீர் கொண்டுபோய்க் கேளுங்கள்."

"திட்டினால்?"

"ஆறிவிடப்போகிறது. கிளம்புங்கள்."

வாசலில் மொரிக்காவா தேநீரை வைத்துவிட்டு நெற்றி தரையில் படக் குனிந்தார்.

"மன்னித்துவிடுங்கள், அம்மா."

"எழுந்திருங்கள் ஐயா. இத்தனை பெரிய உடம்பு வழியை அடைக்கிறது." அவர் கோப்பையை எடுத்துக்கொண்டார். குடிக்கவில்லை. "ஒன்று கேட்கத்தான் வந்தேன். எனக்கு இந்த ஆட்டமெல்லாம் தெரியாது. அந்த வருடத்திலேயே பெரிய அடி அதுதான் என்கிறார்கள். டிவியில் போட்டுப் பார்க்கத் தைரியமில்லை. பந்து எப்படிப் போனது?"

மொரிக்காவா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"என் மகள் பார்க்கவில்லை. பியர் விற்கிறவர்கள் ஆட்டத்துக்கு முதுகைக் காட்டித்தான் நிற்பார்களாம். அப்போதுதான் யார் கை தூக்குகிறார்கள் என்று தெரியுமாம். நீங்கள் சொல்லுங்கள். அழகாகவாவது போனதா?"

பெரிய ஆட்டக்காரர்களிடம் ஒரு கெத்து உண்டு. பந்து மட்டையில் சரியாகப் பட்டால் கைக்கே தெரிந்துவிடும். எங்கே விழுகிறது என்று அண்ணாந்து பார்ப்பது கற்றுக்குட்டிகளின் வேலை. மட்டையைப் போட்டுவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு, ஆட்ட விதிப்படி நான்கு மூலையையும் தொட்டு ஒரு சுற்று ஓட வேண்டும். ஆயுள் முழுக்க மொரிக்காவா அப்படித்தான் ஓடினார். அன்று கூட்டம் ஏன் கைதட்டவில்லை என்று பாதி ஓட்டத்தில்தான் நிமிர்ந்தார்.

"நானும் பார்க்கவில்லை, அம்மா."

அந்தப் பெண்மணி கோப்பையைச் சிந்தாமல் கீழே வைத்தார். வணங்கிவிட்டுப் படியிறங்கத் தொடங்கினார்.

மொரிக்காவா உள்ளே ஓடி வந்தார்.

"குருவே, மன்னிப்புக் கேட்டேன். தரவுமில்லை, மறுக்கவுமில்லை. அவர் கேட்டதோ என்னிடம் இல்லை. நான் என்ன செய்ய?"

"போய்விட்டாரா?"

"இறங்கிக்கொண்டிருக்கிறார்."

"செங்குத்தான படி. மெதுவாகத்தான் இறங்குவார்" என்றார் ரின்ஷோ. "வாசலுக்குப் போங்கள். அவர் கீழே போய்ச் சேரும்வரை நின்று பாருங்கள். பாதியில் திரும்பிவிடாதீர்கள்."