மாலத்தீவு போகிற வாத்தியார்

கடையநல்லூருக்கு மேற்கே, மலையடிவாரத்தில் உலகம்மை அம்மாவின் ஆசிரமம் இருந்தது. ஓடு வேய்ந்த இரண்டு அறை, ஒரு கிணறு, கொஞ்சம் வாழை. அம்மாவுக்கு நாற்பத்தொரு வயது. துறவுக்கு வருமுன் தாலுகா அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்தவர்.

சந்தனகுமார் அவரைவிட ஆறு வயது மூத்தவர். தனியார் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புக்கு வேதியியல் எடுக்கிறவர். ஆறு வருடமாகச் சனிக்கிழமை தவறாமல் வந்து அம்மாவிடம் கேள்வி கேட்பார்.

நவம்பர் மாதம் ஒரு சனிக்கிழமை அவர் ஒரு கடிதத்தோடு வந்தார்.

"மாலத்தீவுல வேலை கிடைச்சிருக்கும்மா. தலைநகரத்துல இருந்து படகுல நாலு மணி நேரம். சின்னத் தீவு."

"என்ன வேலை?"

"மூணாங்கிளாஸ் பிள்ளைங்களுக்கு சயின்ஸ்."

"நல்லது."

"போகலாமாம்மா?"

"நீங்க என்ன சொல்லி எழுதினீங்க?"

"வாறேன்னு கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டேன்."

"பெறகு என்ன கேள்வி?"

சந்தனகுமார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இது ஆசையா, விதியா? அதைத்தான் கேக்க வந்தேன்."

அம்மா வாழைக்குத் தண்ணீர் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தார். மண்வெட்டியை ஊன்றி நின்றார்.

"உங்க கிளாஸ் பிள்ளைங்ககிட்டச் சொல்லியாச்சா?"

"இன்னும் இல்ல."

"சொல்லிட்டு வாங்க. பேசுவோம்."

அடுத்த சனிக்கிழமை சந்தனகுமார் வரும்போதே களைத்திருந்தார். மருத்துவச் சான்றிதழில் ஒரு முத்திரை விட்டுப்போயிற்று. போலீஸ் சான்றிதழில் அவர் அப்பா பெயரைத் தப்பாக அடித்திருந்தார்கள். அதைத் திருத்த மூன்று முறை திருநெல்வேலிக்கு அலைந்தாயிற்று. ஒவ்வொரு முறையும் கையெழுத்துப் போட வேண்டியவர் சாப்பிடப் போயிருந்தார்.

எல்லாவற்றையும் அம்மாவிடம் கொட்டிவிட்டுக் கேட்டார்.

"பத்தொன்பது வருஷம் கெமிஸ்ட்ரி எடுத்திருக்கேன். அங்க போய் இலை, பூ, விதைன்னு பாடம் நடத்தணும். அதுவும் இங்கிலீஷ்ல. படிச்சதெல்லாம் வீணாப் போயிராதா?"

அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"பிள்ளைங்ககிட்டச் சொல்லியாச்சா?"

"எப்படிம்மா சொல்ல? மார்ச்சுல பரீட்சை. மனசு ஒடஞ்சிரும்."

"யாருக்கு?"

"பிள்ளைங்களுக்குத்தான்."

அம்மா ஒரு கல்லை எடுத்துத் தூர எறிந்தார்.

தலைமையாசிரியருக்கு விஷயம் தெரியும். புது ஆளுக்குச் சொல்லியும் வைத்துவிட்டார். பிள்ளைகளிடம் நானே சொல்கிறேன், அதுவரை யாரும் சொல்ல வேண்டாம் என்று சந்தனகுமார்தான் கேட்டுக்கொண்டிருந்தார். தினமும் வகுப்புக்குப் போனார். தினமும் சொல்லாமல் வந்தார். நாளைக்கு, நாளைக்கு என்று மூன்று வாரம் ஓடிவிட்டது.

டிசம்பரில் விசா வந்தது. விமானம் திருவனந்தபுரத்திலிருந்து, அடுத்த சனிக்கிழமை மத்தியானம். அதற்கு முந்தின சனிக்கிழமை அவர் ஆசிரமத்துக்கு வந்தபோது அம்மா துணி துவைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னைக்கு ஒரே ஒரு கேள்விதான்" என்றார் சந்தனகுமார். "கடல் தாண்டிப் போனா தியானம் நெலைக்குமா?"

"சொல்லியாச்சா?"

அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"என்னம்மா இது? நான் வாழ்க்கையைப் பத்திக் கேக்குதேன். நீங்க ஸ்கூல் சமாச்சாரத்தையே பிடிச்சுட்டுத் தொங்குதீங்க!"

அம்மா பிழிந்துகொண்டிருந்த துணியை அப்படியே வாளிக்குள் போட்டார்.

"ஆறு வருஷமா நான் யாரு, நான் யாருன்னு கேட்டு என் உயிரை எடுத்திருக்கீங்க. ஒரு நாளாவது முகம் சுளிச்சிருப்பேனா? நான் ஒரு மாசமா ஒத்தைக் கேள்வி கேக்குதேன். பதில் வரல. எனக்குத் தலை வலிக்குது வாத்தியாரே."

சந்தனகுமார் பணிந்தார். சட்டைப்பையிலிருந்து மடித்த தாளை எடுத்துக் கொடுத்தார்.

"சொல்லாமப் போக மாட்டேம்மா. கடைசி நாள், கடைசிப் பீரியடுல வாசிக்கலாம்னு எழுதி வச்சிருக்கேன்."

அம்மா ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு படித்தார். நான்கு பக்கம். நின்றபடியே முழுவதும் படித்தார்.

"நீங்க போற விஷயம் மூணாவது பக்கத்துலதான் வருது."

"ஆமா. முதல்ல அவங்க மனசைத் தயார்ப்படுத்தணும்லா?"

"நல்லா எழுதியிருக்கீங்க." தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "யாருக்கு எழுதினீங்க?"

சந்தனகுமார் தாளைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். அம்மா மறுபடியும் துணியைப் பிழியத் தொடங்கினார்.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவர் ஸ்கூட்டரில் பள்ளிக்கு வந்தபோது, வாசலில் வாட்ச்மேன் நாற்காலியில் உலகம்மை அம்மா உட்கார்ந்திருந்தார். வாட்ச்மேன் பக்கத்தில் கைகட்டி நின்றிருந்தார். ஆசிரமத்தை விட்டு அம்மா வெளியே வந்து சந்தனகுமார் பார்த்ததே இல்லை.

"அம்மா! நீங்க எங்க இங்க?"

"ரெண்டு பஸ் மாறி வந்தேன். ரெண்டுலயும் உக்கார எடமில்ல. முதல் பீரியடு யாருக்கு?"

"பன்னெண்டாங்கிளாஸ்தான்."

"போயிச் சொல்லுங்க. நான் இங்கயே இருக்கேன்."

"இன்னைக்கேவா? வெள்ளிக்கிழமை..."

"வெயில் ஏறுது வாத்தியாரே."

அவர் போனார்.

வகுப்பில் நாற்பத்தொரு பேர் எழுந்து வணக்கம் சொல்லி உட்கார்ந்தார்கள். அவர் கை சட்டைப்பைக்குப் போயிற்று. தாளை எடுக்கவில்லை. யார் முகத்தையும் பார்க்காமல், பின்சுவரைப் பார்த்து ஒரே வரியில் சொன்னார்.

"நான் மாலத்தீவுல வேலைக்குப் போறேன். சனிக்கிழமை கிளம்புதேன்."

முதல் வரிசையில் இருந்த இசக்கி ரேவதி மெதுவாக எழுந்தாள்.

"எந்தச் சனிக்கிழமை சார்?"

"இந்தச் சனிக்கிழமை."

அவள் நோட்டைப் புரட்டினாள். பக்கத்தில் இருந்தவளும் புரட்டினாள்.

"ஆர்கானிக்ல மூணு பாடம் பாக்கி இருக்கே சார். யாரு எடுப்பாங்க?"

"புது சார் ஜனவரியில வருவாங்க."

"ஜனவரியில ரிவிஷன் டெஸ்ட் சார்."

கடைசி பெஞ்சில் முப்புடாதி எழுந்தான். வகுப்பில் வாயே திறக்காத பையன்.

"போன மாசமே சொல்லியிருந்தா காலையில ஏழு மணிக்கே வந்திருப்போம்லா சார். முடிச்சிருக்கலாம்."

யாரோ, மாலத்தீவில் கடலுக்கு நடுவிலா வீடு இருக்கும் என்று கேட்டார்கள். யாரோ வாழ்த்து சொன்னார்கள். நோட்டுப் பக்கங்கள் புரளும் சத்தம் மட்டும் நிற்கவில்லை. பென்சிலை வைத்துக்கொண்டு எது வரைக்கும் முடிந்திருக்கிறது என்று கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டுச் சந்தனகுமார் வெளியே வந்தார். மைதானத்தைக் கடந்து வாசலுக்கு வந்தபோது அவர் முகம் தொங்கியிருந்தது.

"சொல்லிட்டேம்மா."

"என்ன சொன்னாங்க?"

"ஒருத்தரும் அழல."

"சரி."

"போகாதீங்கன்னு ஒரு பிள்ளை சொல்லலம்மா. ரெண்டு வருஷம் எடுத்திருக்கேன். லீவு போட்டதில்ல. ஞாயித்துக்கிழமை கூட ஸ்பெஷல் கிளாஸ் வச்சிருக்கேன்." குரல் உடைந்தது. "பாடம், பாடம், பாடம். அதை யாரு எடுப்பா, எப்ப எடுப்பா. அது ஒண்ணுதான் அவங்களுக்கு. நான் எங்க போறேன், என்ன ஆகப்போறேன்னு ஒருத்தருக்கும் அக்கறையில்ல."

அம்மா நாற்காலியை விட்டு எழுந்தார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"எத்தனை பாடம் பாக்கி?"

"மூணு."

"எத்தனை நாள் இருக்கு?"

"இன்னைக்கும் சேத்து நாலு."

"பீரியடு முடிய எவ்வளவு நேரம்?"

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"முப்பது நிமிஷம்."

"அப்ப இங்க எதுக்கு நிக்கீங்க?"